பாதத்துக்கு ஒரு கணப்பு



சுவீடனின் வடகோடியில் கிருணா என்றொரு சுரங்க நகரம் இருக்கிறது. ஜனவரி மாதத்தில் அங்கே குளிர் சைபருக்குக் கீழே 20 டிகிரிக்கு இறங்குவது சாதாரணம். வானத்தில் பச்சையாக அலைகிற வடதுருவ ஒளியைப் பார்க்க அந்தக் குளிரிலும் மோட்டார் ஹோமில் போகிறவர்கள் உண்டு. படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே வைத்த வீட்டு வண்டி அது.

வண்டிக்குள் ஹீட்டர் ஓடும். ஆனால் சூடான காற்று மேலே போய்க் கூரையடியில் தங்கிவிடும். முகம் வியர்க்கும், கால் விறைக்கும். வீட்டுக்கு அடியில் மண் இருக்கிறது. அது குளிர்காலத்திலும் கொஞ்சம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். வண்டிக்கு அடியில் வெறும் பனிக்காற்றுதான். அதனால்தான் தரையையே சூடாக்கலாம் என்ற யோசனை வருகிறது. யோசனை பழையது. அடுப்பின் சூட்டைத் தரைக்கடியில் ஓடவிடும் ஓண்டோல் முறையில் கொரிய மக்கள் பல நூற்றாண்டுகளாகக் குளிர்காலத்தைக் கழித்திருக்கிறார்கள்.

வண்டியில் இதைச் செய்ய இரண்டு வழிகள். ஒன்று, தரைக்கடியில் மின்கம்பிப் பாயை விரிப்பது. சுலபமான வேலை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சதுர மீட்டருக்கு 100 வாட், 4 சதுர மீட்டர் தரை என்றால் 400 வாட். 12 வோல்ட் பேட்டரியில் அது சுமார் 33 ஆம்பியர். 100 ஆம்பியர்-மணி பேட்டரி முழுக்கச் சார்ஜ் ஆகியிருந்தாலும் மூன்று மணி நேரம்தான் தாங்கும். வட நாட்டுக் குளிர்கால இரவு அதைப்போல் பல மடங்கு நீளம். ஆகவே, மின்சார இணைப்புள்ள முகாம்களில் மட்டும் தங்குகிறவர்களுக்கே இந்த வழி உதவும்.

இரண்டாவது வழி, குழாயில் வெந்நீர் ஓடவிடுவது. தண்ணீரை டீசலோ கேஸோ சூடாக்கும். பேட்டரி ஒரு சின்ன பம்பை ஓட்டினால் போதும். சுவீடனின் ஆல்டே நிறுவனம் இப்படி வெந்நீர் சுற்றும் கருவிகளைத்தான் வண்டிகளுக்குச் செய்கிறது. தண்ணீரோடு கிளைக்கால் என்ற உறைதடுப்புத் திரவத்தைப் பாதிக்குப் பாதி கலந்துவிட்டால் சைபருக்குக் கீழே 30 டிகிரியிலும் உறையாது.

இங்கே பலருக்கு ஒரு தப்பெண்ணம் உண்டு. சூடு மேலேதானே போகும், கீழே எதற்குக் காப்பு என்று கேட்பார்கள். மேலே போவது சூடான காற்று. பலகைக்குள் இருக்கிற சூட்டுக்கு மேல், கீழ் தெரியாது. எந்தப் பக்கம் அதிகக் குளிரோ அந்தப் பக்கம் அதிகமாக ஓடும். தரை 27 டிகிரி, வண்டிக்குள் 20 டிகிரி, வெளியே சைபருக்குக் கீழே 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். மேல்பக்கம் வித்தியாசம் 7 டிகிரி. கீழே வெளிக்காற்றோடு வித்தியாசம் 47 டிகிரி. காப்பு இல்லையென்றால் நீங்கள் எரிக்கிற டீசல் சாலையைத்தான் சூடாக்கும்.

அதனால் அடியில் முதலில் இறுகிய தெர்மாகோல் போன்ற காப்புப் பலகை. அதன்மேல் பள்ளம் வைத்த அலுமினியத் தகடு, பள்ளத்தில் குழாய். அதற்கு மேல் பிளைவுட். தகடு இல்லாவிட்டால் குழாய் போகும் இடம் மட்டும் கோடு கோடாகச் சுடும். நடுவில் சில்லென்றே இருக்கும்.

கொதிகலனிலிருந்து 80 டிகிரியில் வரக்கூடிய தண்ணீரைத் தரைக்கு அப்படியே விடக்கூடாது. கலப்பு வால்வு வைத்து 40 டிகிரி அளவுக்குக் குறைக்க வேண்டும். கால் படுகிற தரை 29 டிகிரியைத் தாண்டக்கூடாது என்பது ஐரோப்பியத் தர விதி.

ஓடுகிற வண்டி குலுங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே தரைக்கடியில் ஒரு ஜாயின்ட்கூட வேண்டாம். ஒரே நீளக் குழாயாகப் போடுங்கள். மூடுவதற்கு முன் அழுத்தம் ஏற்றி ஒரு நாள் முழுக்க விட்டு, கசிவு இல்லை என்று உறுதி செய்யுங்கள். அளவு நாடாவை விரித்து வைத்துப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒருநாள் மேசைக்கால் பொருத்த ஸ்க்ரூ முடுக்கும்போது குழாய் ஓட்டையாகாமல் அந்தப் படம் காப்பாற்றும்.

எடையையும் பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் சாதாரண ஓட்டுநர் உரிமத்துக்கு வண்டியின் எல்லை பொதுவாக 3,500 கிலோ. 10 மில்லிமீட்டர் உள்விட்டக் குழாய் 30 மீட்டர் போட்டாலும் தண்ணீர் இரண்டரை லிட்டருக்குள்தான். எடை ஏறுவது பிளைவுட்டில். தரையும் சில சென்டிமீட்டர் உயரும்; உயரமானவர்கள் தலை இடிக்காமல் நிற்க முடியுமா என்று முதலில் அளந்து பாருங்கள்.

கடைசியாக ஒன்று. கையில் பணம் குறைவாக இருந்தால் குழாயை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போடுங்கள். காப்புப் பலகையை இந்த வருஷமே போட்டுவிடுங்கள். குளிர் வரும் வழியை அடைத்த தரையில் ஒரு கம்பளி விரிப்பே குழந்தை உட்கார்ந்து விளையாடப் போதும். அதை அடைக்காத தரையில் எந்தக் கொதிகலனும் ஓயாமல் எரிந்துகொண்டுதான் இருக்கும்.