ஐந்தாம் மாத ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்
(மஹல்லா பெண்கள் நலக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



கண்ணியத்திற்குரிய தாய்மார்களே, சகோதரிகளே, பின்வரிசையில் அமர்ந்திருக்கும் கணவன்மார்களே! மருத்துவ உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு வரும் கர்ப்பிணிகளின் கோப்புகளை நான் பார்க்கிறேன். மூன்றாம் மாத ஸ்கேன் இருக்கும், ஒன்பதாம் மாத ஸ்கேன் இருக்கும். நடுவில் இருக்க வேண்டியது பல கோப்புகளில் இருப்பதில்லை. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஐந்தாம் மாதம் உடம்புக்குக் கொஞ்சம் சுகமான காலம். வாந்தி பெரும்பாலும் அடங்கிவிடும், சாப்பாடு இறங்கும். கர்ப்பப்பை தொப்புள் வரை உயர்ந்திருக்கும். தலைப்பிள்ளையானால் 18 முதல் 20 வாரத்தில் அசைவு தெரிய ஆரம்பிக்கும். முதலில் வாயு ஓடுவதுபோலத்தான் இருக்கும். இரண்டாவது, மூன்றாவது பிள்ளையென்றால் இன்னும் முன்பே தெரியும். 24 வாரம் ஆகியும் அசைவே தெரியாவிட்டால் டாக்டரிடம் போய்விட வேண்டும்.

இப்படி எல்லாம் நன்றாக இருப்பதால்தான் ஸ்கேன் தள்ளிப்போகிறது. 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கும் இந்த ஸ்கேனில் பிள்ளையின் மூளை, முதுகெலும்பு, இதயத்தின் நான்கு அறைகள், சிறுநீரகம், உதடு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். நஞ்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது என்றும் பார்ப்பார்கள். "நஞ்சு கீழே இருக்கிறது" என்று எழுதியிருந்தால் பயந்துவிடாதீர்கள். பெரும்பாலும் மாதம் ஏற ஏற அது மேலே போய்விடும். மறுபடி ஒரு ஸ்கேன் சொல்வார்கள், அதற்கும் போங்கள். இதயத்தில் குறை இருப்பது முன்பே தெரிந்தால், பச்சிளங்குழந்தைக்கு இதய சிகிச்சை தரும் வசதியுள்ள ஊரில் பிரசவத்துக்கு ஏற்பாடு செய்யலாம். வலி வந்த இரவில் அதையெல்லாம் தேட முடியாது.

மாதக் கணக்கிலும் ஒரு குழப்பம் உண்டு. ஐந்து மாதம் முடிந்த பிறகு போவதாக நினைக்கிறார்கள். டாக்டர்கள் எண்ணுவது கடைசியாகக் குளித்த மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து. எனவே அட்டையில் எழுதியிருக்கும் வாரத்தைப் பாருங்கள். ஐந்தாம் மாதம் நடக்கும்போதே போக வேண்டும்.

"ஆண் டாக்டர் பார்ப்பாரே" என்கிறார்கள். பெண் டாக்டர் எந்த நாள் இருப்பார் என்று முன்பே கேட்டு வையுங்கள். கிடைக்காவிட்டால் வயிற்றுப் பகுதி மட்டும் திறந்தால் போதும், கணவரோ உம்மாவோ உடன் இருக்கலாமா என்று கேளுங்கள். "மாப்பிள்ளை துபாயிலிருந்து போன் பண்ணட்டும்" என்று காத்திருப்பவர்களும் உண்டு. போன் வரும், வாரம் திரும்பி வராது. ஆணா பெண்ணா என்று மட்டும் யாரும் கேட்க வேண்டாம். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி கேட்பதும் குற்றம், சொல்வதும் குற்றம்.

24 முதல் 28 வாரத்தில் சர்க்கரைப் பரிசோதனை. முதல் பரிசோதனையில் சரியாக இருந்தாலும் இப்போது மறுபடி பார்க்க வேண்டும். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிற்றில்தான் வர வேண்டும் என்பதில்லை. இந்த எளிய முறையைப் பரவலாக்கியவர் நம் சென்னை மருத்துவர் வீ. சேஷையா அவர்கள்.

ஹீமோகுளோபின் 11க்குக் கீழே என்றால் ரத்தசோகை. பேரீச்சம்பழம் நல்லதுதான், ஆனால் இரும்புச்சத்து மாத்திரையின் வேலையை அது செய்யாது. மாத்திரையை டீயோடு விழுங்காதீர்கள். கால்சியம் மாத்திரையையும் அதே வேளையில் போடாதீர்கள். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், அதற்காக நிறுத்திவிட வேண்டாம்.

ரமலானில் கர்ப்பிணிக்குச் சலுகை இருக்கிறது. தனக்கோ பிள்ளைக்கோ தீங்கு வரும் என்று அஞ்சினால் நோன்பை விட்டுவிட்டுப் பிறகு களா செய்யலாம். மற்ற விவரங்களை ஆலிம்களிடம் கேளுங்கள். சர்க்கரைக்கு ஊசி போடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் நிய்யத் வைக்க வேண்டாம். மாமியார்மார்கள் இதில் வற்புறுத்தவும் வேண்டாம்.

ரத்தப்போக்கு, நீர் கசிவு, கண் மங்கலோடு கடுமையான தலைவலி, திடீரென முகம் வீங்குவது, இவற்றில் எது வந்தாலும் காலைவரை பொறுக்காமல் 108ஐ அழையுங்கள்.

ஸ்கேனுக்குப் பணம் இல்லாதவர்களும், துணைக்கு ஆள் இல்லாதவர்களும் அஸருக்குப் பிறகு நம் அலுவலகத்துக்கு அட்டையோடு வாருங்கள். 16ஆவது வாரத்திலேயே வந்துவிட்டால் நாள் குறிக்க வசதியாக இருக்கும். வஸ்ஸலாம்.