சந்திப்பைக் கடப்பவர் ஒருவர், கருத்துக் கேட்கப்படுபவர் வேறொருவர்

(தில்லியில் தமிழ் பேசும் தோழர்களின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிறருடைய பேச்சைத் தமிழாக்குவதே என் அன்றாடப் பணி. இன்று நான் மொழிபெயர்த்த ஓர் அறிவிப்பைப் பற்றி நானே சில சொற்கள் பேச விரும்புகிறேன். நெரிசல் மிகுந்த ஒரு சாலைச் சந்திப்பின் பாதுகாப்பை மேம்படுத்தப் போவதாகவும், பொதுமக்கள் 15 நாட்களுக்குள் கருத்துத் தெரிவிக்கலாம் என்றும் அது கூறுகிறது. குடியிருப்புப் பெண்களுக்கு விளக்குவதற்காகத் தோழர்கள் அதைத் தமிழில் கேட்டனர்.

அறிவிப்பு ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. கருத்துகளை மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். நேரில் பேச விரும்புவோருக்கான கூட்டம் வேலைநாள் ஒன்றில் முற்பகல் 11 மணிக்கு. அச்சந்திப்பை நாள்தோறும் கடக்கும் வீட்டுவேலைத் தொழிலாளர்கள் அந்நேரத்தில் பிறர் வீடுகளில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பார்கள். நடந்து செல்வோர் அந்த ஆவணத்தில் இரண்டே இடங்களில் வருகின்றனர். இரண்டு இடங்களிலும் 'போக்குவரத்துக்கான இடையூறுகள்' என்ற தலைப்பின் கீழ், தள்ளுவண்டிகளோடு சேர்த்துப் பட்டியலிடப்பட்டுள்ளனர். நடப்பதும் போக்குவரத்துதான் என்பதை அதை எழுதியவர் எண்ணிப் பார்க்கவில்லை.

ஒன்றிய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022இல் நாட்டில் 1,68,491 பேர் சாலை விபத்துகளில் உயிரிழந்தனர். அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 462 பேர். அவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். 74,897 பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். மாண்டவர்களில் மூவருக்கு ஏறத்தாழ இருவர் இவ்விரு பிரிவினரே. சாலையில் சாவும் வர்க்கம் பார்த்தே வருகிறது.

"சாலை அமைப்பது பொறியாளர் வேலை, மக்களிடம் கேட்க என்ன இருக்கிறது?" என்று சிலர் வினவுகின்றனர். பொறியியல் அறிவை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. நான்கு சாலைகள் கூடும் சாதாரணச் சந்திப்பில் வாகனங்கள் மோதக்கூடிய புள்ளிகள் 32 என்றும், ஒற்றைத் தட வட்டச் சந்திப்பில் அவை 8 ஆகக் குறையும் என்றும் அந்த அறிவே நமக்குக் கற்பிக்கிறது. ஆனால் அதே அறிவு, நடப்பவரின் வேகத்தை வினாடிக்கு 1.2 மீட்டர் என்று கொண்டால், 30 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க 25 வினாடி போதும் என்று கணக்கிடுகிறது. முழங்கால் வலியோடு வினாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் மூதாட்டிக்கு 37 வினாடிக்கு மேல் தேவை. பச்சை விளக்கு அணையும்போது அவர் நடுச்சாலையில் நிற்பார். இதை அவரிடம்தான் கேட்டறிய முடியும். காவல் நிலையப் பதிவேட்டில் விபத்துகள் மட்டுமே இருக்கும். அஞ்சி அவ்வழியே செல்வதைக் கைவிட்டவர்களின் கணக்கு அதில் இராது.

யாருடைய குரல் எடுபடுகிறது என்பதற்கு இந்நகரமே சான்று. அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 2008இல் பேருந்துத் தனித்தடம் திறக்கப்பட்டது. அதில் குறைகள் இருந்தன. சிராக் தில்லி சந்திப்பின் நெரிசலும் உண்மையே. ஆனால் கார் வைத்திருப்போரே செல்வத்தை உருவாக்குவோர், அவர்களுடைய நேரம் வீணாகிறது என்ற வாதத்தோடு வழக்குத் தொடுக்கப்பட்டது. 2012இல் தில்லி உயர் நீதிமன்றம் அம்மனுவைத் தள்ளுபடி செய்தது. ஆயினும் குறைகளைக் களைவதற்கு மாறாக, 2016இல் தடத்தையே அகற்றினார்கள். நீதிமன்றத்தில் கிடைத்த வெற்றியைக் காக்கப் பேருந்துப் பயணிகளின் திரண்ட குரல் இல்லாமற்போனது. அது நமக்கான பாடம்.

பாதுகாப்பு என்ற பெயரில் நடைமேம்பாலம் ஒன்றைக் கட்டி, மூதாட்டியை மாடிப்படி ஏறச் சொல்லி, காரின் வேகத்தைக் குறையாமற் காப்பது ஒரு வழக்கம். நடைபாதை வியாபாரிகளை விரட்டுவது மற்றொரு வழக்கம். இரவில் அவர்களுடைய கடை விளக்குகளே பேருந்துக்குக் காத்திருக்கும் பெண்களுக்குத் துணை. தெருவியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம், 2014 நகர விற்பனைக் குழுக்களில் அவர்களுக்கு 40 விழுக்காட்டுக்குக் குறையாத இடம் அளிக்கிறது. அக்குழுவைக் கலக்காமல் அவர்களை அப்புறப்படுத்த முனைந்தால் நாம் அச்சட்டத்தைச் சுட்டிக்காட்ட வேண்டும். அவ்வாறே, 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198-ஏ பிரிவு, சாலை வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் உரிய தரத்தைப் பின்பற்றாததால் உயிர்ச்சேதம் நேர்ந்தால் பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழிசெய்கிறது.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. அறிவிப்பு மக்கள் பேசும் மொழிகளில் பேருந்து நிறுத்தத்தில் ஒட்டப்பட வேண்டும். கூட்டம் விடுமுறை நாளில் அச்சந்திப்பிற்கு அருகிலேயே நடைபெற வேண்டும். அங்கு நேர்ந்த விபத்துகளின் விவரம் வெளியிடப்பட வேண்டும். ஏற்காத கருத்துக்கு ஏன் ஏற்கவில்லை என்று எழுத்தில் பதில் தர வேண்டும்.

தோழர்களே, 15 நாட்களில் ஐந்து கழிந்துவிட்டன. கால அவகாசத்தை நீட்டிக்கக் கோருவோம். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். நாளை மாலை முதல் இருவர் இருவராகச் சந்திப்பில் நின்று, கடப்பவர்களிடம் பேசுவோம். எந்த இடத்தில் அஞ்சுகிறார்கள், விளக்கு எத்தனை வினாடி எரிகிறது, எங்கே இருட்டு என்று குறித்துக்கொள்வோம். எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல நாம் எழுதுவோம். அவற்றை ஆங்கிலமாக்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன். இம்முறை மொழிபெயர்ப்பு கீழிருந்து மேல் நோக்கிச் செல்லட்டும்.