மரத்துப்போன பாதமும் மறைந்திருந்த குறையும்

(திருவிழாவை ஒட்டி நடைபெற்ற அறநெறிக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தமிழ்ச் சமணப் புலவர்கள் மருந்தை அறத்திற்கு அயலான பொருளாகக் கருதியவர் அல்லர். கணிமேதாவியார் தம் நீதிநூலுக்கு ஏலாதி என்று பெயரிட்டார். காரியாசான் தம் நூலுக்குச் சிறுபஞ்சமூலம் என்று பெயரிட்டார். முன்னது ஏலம் முதல் சுக்கு ஈறாக ஆறு சரக்குகள் கூடிய மருந்து. பின்னது கண்டங்கத்திரி, நெருஞ்சி முதலிய ஐந்து செடிகளின் வேர். கிழங்கும் வேரும் விலக்கி உண்போர் மிகுந்த சமயத்தில் தோன்றிய புலவர் ஒருவர், வேர் மருந்தின் பெயரையே அறநூலுக்குச் சூட்டியது எண்ணத்தக்கது. இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்ட நால்வகைத் தானங்களிலும் ஆகார தானத்தை அடுத்து ஔஷத தானம் நிற்கிறது. பிறர் நோய்க்கு மருந்தளிப்பது அறமானால், தம் நோய்க்கு மருந்துண்பது மட்டும் குறையாகிவிடாது.

ஆயினும் இல்லங்களில் நடப்பது வேறு. முதியவர் ஒருவர்க்கு உடல் தளர்ந்தால், அது அசாதா வேதனீய வினையின் உதயம், பொறுத்துக் கழிக்க வேண்டியது என்று கூறி அமைந்துவிடுகின்றனர். வினை உதயமாவதற்குப் புறத்தே நிமித்தம் உண்டு என்பதையும் அதே ஆகமம் கூறுகிறது. அந்த நிமித்தத்தைத் தேடிக் கண்டறிவதற்கே மருத்துவப் பரிசோதனை என்று பெயர். காஞ்சியோடு தொடர்புடையவராகப் போற்றப்படும் சமந்தபத்திர ஆசாரியரைப் பற்றி வழங்கும் வரலாறு பலரும் அறிந்ததே. எவ்வளவு உண்டாலும் அடங்காப் பசியைத் தரும் பஸ்மக நோய் அவரைப் பற்றியது. துறவு ஒழுக்கத்தோடு அந்நோயைத் தாங்க இயலாமையால் சல்லேகனைக்கு அனுமதி வேண்டினார். குருவோ இசையவில்லை. துறவுக் கோலத்தை நீக்கி, நோயைத் தீர்த்துக்கொண்டு, பின்னர் மீண்டும் தீட்சை பெறுக என்று பணித்தார். அவ்வாறே செய்து மீண்டவரே இல்லறத்தார்க்குரிய இரத்தினகரண்டகத்தை அருளினார் என்பது மரபு. தீர்க்கக்கூடிய நோயைத் தீர்க்காமல் விடுவதைத் தவம் என்று அந்தக் குரு ஏற்கவில்லை.

இவ்வளவு முன்னுரையும் ஓர் அம்மையாரின் பொருட்டே. வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்பவர், வயது 62. நீரிழிவு தோன்றிப் பதினொரு ஆண்டுகள். மெட்ஃபார்மின் மாத்திரையைத் தவறாது உண்டு வந்தார். பொழுது சாயுமுன் உணவை முடிப்பவர். அட்டமி, சதுர்த்தசி நாள்களில் உபவாசம் காப்பவர். ஐந்து ஆண்டுகளுக்கு முன் இரச பரித்தியாகமாகப் பாலையும் தயிரையும் துறந்தார். அதனை மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று அவர்க்கோ மகனுக்கோ தோன்றவில்லை. உணவு நோன்பு கோயிலைச் சேர்ந்தது, மாத்திரை மருத்துவமனையைச் சேர்ந்தது என்று இரண்டையும் வேறு வேறாக வைத்திருந்தனர். பல இல்லங்களில் இன்றும் இந்நிலைதான்.

முதலில் கால்விரல்கள் மரத்தன. பிறகு உள்ளங்காலில் எரிச்சல். சர்க்கரையால் நரம்பு கெட்டிருக்கும் என்று ஒரு மருத்துவர் எரிச்சல் தணிக்கும் மாத்திரை கொடுத்தார். அது தவறான ஊகமன்று. நீரிழிவில் அவ்வாறு நேர்வது உண்டு. ஆனால் அம்மையார்க்கு நா சிவந்து புண்ணாயிற்று. படியேறினால் மூச்சு வாங்கிற்று. காலணி நழுவி விழுந்ததை அறியாமல் சில அடி நடந்தார். பகலில் ஒழுங்காக நடப்பவர், இரவில் விளக்கின்றி எழுந்தால் தடுமாறினார். வைத்த பொருளை மறந்தார். மூப்பு என்றனர் வீட்டார்.

இங்கே இரண்டு பிழைகள் அடுத்தடுத்து நேர்ந்தன. சோர்வைக் கண்டு, மருந்துக்கடையில் கேட்டு, இரும்பும் ஃபோலிக் அமிலமும் கலந்த மாத்திரையை வாங்கிக் கொடுத்தனர். இரத்தம் ஓரளவு ஊறியது, சோர்வு குறைந்தது, அனைவரும் மகிழ்ந்தனர். கால் மட்டும் மேலும் மரத்தது. அடுத்து, மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையில் அளவு கூடியிருந்தது. ஆகவே மெட்ஃபார்மினின் அளவு இருமடங்காக்கப்பட்டது. வீட்டில் விரலில் குத்திப் பார்த்த சர்க்கரையோ அவ்வளவு மிகுதியாக இல்லை. இந்த முரண்பாட்டை எவரும் எடுத்துக் கேட்கவில்லை.

மகள் வீட்டிற்குச் சென்றிருந்தபோது அவ்வூர் மருத்துவர் ஒருவர் பழைய அறிக்கைகள் அனைத்தையும் கேட்டு வாங்கி, வரிசையாக அடுக்கிப் பார்த்தார். ஓராண்டுக்கு முந்தைய இரத்தப் பரிசோதனைத் தாளில், சிவப்பணுவின் சராசரிப் பருமனைக் குறிக்கும் எம்.சி.வி. என்ற வரியில் 112 என்று இருந்தது. அது 80 முதல் 100 வரை இருத்தல் இயல்பு. ஹீமோகுளோபின் என்ற ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்த தாள் அது. பின்னர் அவர் இசைக்கவை போன்ற இரும்புக் கவையைத் தட்டி அம்மையாரின் கட்டைவிரலில் வைத்தார், அதிர்வு தெரியவில்லை. கால்களைச் சேர்த்து நின்று கண்ணை மூடச் சொன்னார், உடல் சாய்ந்தது. இவற்றிற்குப் பிறகே, 'பால், தயிர் உண்பது உண்டா, அம்மா?' என்று வினவினார். விரதத்தைப் பற்றி அன்றுதான் முதன்முதலாக ஒரு மருத்துவர் செவியில் சொல்லப்பட்டது. இரத்தத்தில் வைட்டமின் பி12 அளவிடப்பட்டது: மில்லிலிட்டருக்கு 98 பிகோகிராம். 200க்குக் கீழ் இருப்பதே பொதுவாகக் குறைபாடு எனக் கொள்ளப்படும்.

இந்த வைட்டமினின் இயல்பு தனித்தன்மை வாய்ந்தது. செடிகொடிகள் இதனை ஆக்குவதில்லை, விலங்குகளும் ஆக்குவதில்லை. நுண்ணுயிர்கள் மட்டுமே ஆக்குகின்றன. கீரையாலும் பருப்பாலும் நெல்லிக்கனியாலும் இது கிட்டாது. புலால் உண்ணாதார்க்குப் பாலும் தயிரும் மோருமே இயற்கையான வாயில். ஒருவர்க்கு நாள்தோறும் வேண்டுவது ஏறத்தாழ 2 மைக்ரோகிராம் மட்டுமே. ஒரு பெரிய குவளைப் பாலில் அதில் பாதி அளவு கிடைக்கும். காலையும் மாலையும் காபியில் கலக்கும் பால் இக்கணக்கில் சிறிதே. ஈரலில் சேமிப்பு சில ஆண்டுகளுக்குத் தாங்கும் என்பதால், பாலைத் துறந்தவர்க்கும் குறை உடனே தோன்றாது. தோன்றும்போது, ஐந்து ஆண்டுகளுக்கு முன் எடுத்த விரதம் எவர்க்கும் நினைவில் இராது.

உண்டது சேர்வதற்கும் தடைகள் உண்டு. இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதம் பி12ஐப் பற்றிக்கொண்டு குடலின் கடைப்பகுதி வரை கொண்டுசெல்ல வேண்டும். முதுமையில் இரைப்பையின் அமிலம் குறைவதால் உணவிலிருந்து அது எளிதில் பிரிவதில்லை. ஒமெப்ரசோல், பான்டோபிரசோல் போன்ற அமிலம் தணிக்கும் மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் உண்பவர்க்கும் அவ்வாறே. மெட்ஃபார்மின் நெடுநாள் உண்போர்க்கும் அது குடலில் சேர்வது குறைகிறது. அதனால்தான் அம்மாத்திரை உண்போர், சிறப்பாக இரத்தசோகையோ கால் மரத்தலோ உடையோர், அவ்வப்போது பி12 அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நீரிழிவு வல்லுநர்களின் நெறிமுறைகள் கூறுகின்றன. மெட்ஃபார்மின் தீய மருந்து என்பது இதற்குப் பொருளன்று. அதனைத் தாமாக நிறுத்துவது வேறொரு துன்பத்தை வருவிக்கும்.

அந்த இரு பிழைகளுக்கும் இப்போது விடை கிடைக்கிறது. ஃபோலிக் அமிலம் இரத்தத்தைத் திருத்தும், நரம்பைக் காப்பாற்றாது. இரத்தசோகை என்னும் அடையாளத்தை அது மறைத்துவிட, நரம்பின் கேடு மறைவில் வளர்கிறது. பி12 குறையும்போது, உலவும் சிவப்பணுக்களின் சராசரி வயது கூடி, எச்.பி.ஏ.1.சி. உள்ளதைவிட ஏற்றமாகக் காட்டக்கூடும். அந்த ஏற்றத்தை நம்பி மெட்ஃபார்மினைக் கூட்டினால் பி12 மேலும் குறையும். மருத்துவமும் அம்மையாரின் விரதமும் தத்தம் வழியில் சரியாகவே சென்றன. ஒன்றையொன்று அறியாமல் சென்றன.

மருத்துவர் ஊசி என்றதும் அம்மையார் மறுத்தார். 'அது ஈரலிலிருந்து எடுப்பதாயிற்றே' என்றார். அவர் சொன்னது வெறுங்கற்பனையன்று. 1926இல் அமெரிக்க மருத்துவர் மைனாட், மர்ஃபி இருவரும் ஈரலை உண்ணச் செய்து கொடிய இரத்தசோகையைத் தீர்த்தனர்; 1934இல் விப்பிளுடன் சேர்த்து அவர்களுக்கு நோபல் பரிசு அளிக்கப்பட்டது. ஈரற்சாற்று ஊசி பழைய தலைமுறைக்கு அறிமுகமானதே. ஆனால் 1948இல் பி12 தனியே பிரித்தெடுக்கப்பட்டது. அதன் அமைப்பைக் கண்டறிந்த டோரதி ஹாட்ஜ்கின் அம்மையார் 1964இல் நோபல் பரிசு பெற்றார். இன்று மருந்தாக வருவது பெருங்கலன்களில் நுண்ணுயிர்களை வளர்த்து, நொதிக்கச் செய்து பெறப்படுவது. நுண்ணுயிரும் உயிரே என்பதை இச்சமயத்தார்க்கு எவரும் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆயினும் தயிர் உறைவதும் அவற்றால்தானே. ஈரலுக்கும் இதற்கும் உள்ள தொலைவு மிகப் பெரிது.

உறையைப் பற்றிய ஐயம் வேறு. கேப்ஸ்யூல்களின் மெல்லுறை பெரும்பாலும் ஜெலட்டினால், அதாவது விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் பெற்ற பொருளால் ஆனது. இதே மருந்து மாத்திரையாகவும், நாவடியில் கரைவதாகவும், ஊசியாகவும் கிடைக்கிறது; சில உறைகள் செடியின் செல்லுலோசாலும் செய்யப்படுகின்றன. 'கேப்ஸ்யூல் வேண்டா, மாத்திரையாக எழுதித் தருக' என்று மருத்துவரிடம் கேட்பதில் நாணம் வேண்டியதில்லை. வாங்கி வந்து அலமாரியில் உண்ணாமல் வைத்திருப்பதைவிட அது மேலானது. வைட்டமின் டி3யின் பெரும்பகுதி ஆட்டு மயிரின் கொழுப்பிலிருந்து வருவது என்பதையும், பாசியிலிருந்து பெறும் வகையும் உண்டு என்பதையும் கேட்டறியலாம். மாற்றே இல்லாத உயிர்காக்கும் மருந்து எனின், அது குருவிடமும் மருத்துவரிடமும் ஒருங்கே பேச வேண்டிய செய்தி.

அம்மையார்க்கு 1000 மைக்ரோகிராம் ஊசி முதலில் ஒருநாள் விட்டு ஒருநாளும், பின் வாரம் ஒன்றும், பின் மாதம் ஒன்றுமாக இடப்பட்டது. நாப்புண் மூன்று வாரங்களில் ஆறியது. இரத்தம் இரண்டு மாதங்களில் இயல்புக்கு வந்தது. நரம்போ அவ்வளவு விரைவாக மீள்வதில்லை. ஆறு மாதம், ஓராண்டு என்று செல்லும். நெடுநாள் கெட்டது முழுதும் மீளாமலும் போகலாம். அவர் இப்போது இருளிலும் தடுமாறாமல் எழுகிறார். இடக்காலின் இருவிரல்களில் உணர்வு இன்னும் திரும்பவில்லை. அந்த ஓராண்டுத் தாமதத்தின் விலை அது. எச்.பி.ஏ.1.சி. இறங்கவே, மெட்ஃபார்மினைப் பழைய அளவுக்கு மருத்துவரே குறைத்தார்.

பி12 பார்க்க விரும்புவோர் ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும்: ஊசியோ மாத்திரையோ தொடங்குமுன் இரத்தம் கொடுக்க வேண்டும். தொடங்கிய பின் பார்த்தால் அளவு உயர்ந்தே காட்டும்; மூலநிலை தெரியாது. 200க்கும் 300க்கும் இடைப்பட்ட அளவு ஐயத்திற்குரியது. அப்போது மெத்தில்மலோனிக் அமிலம் போன்ற மற்றொரு பரிசோதனை துணைசெய்யும்.

உபவாசம் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். தசலட்சண நாள்கள் வருமுன்னே நீரிழிவு உள்ளோர் மாத்திரைச் சீட்டோடு மருத்துவரைக் காண்பது நன்று. மெட்ஃபார்மின் மட்டும் உண்பவர்க்குச் சர்க்கரை மிகத் தாழ்வது அரிது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு உண்போரும் இன்சுலின் இடுவோரும் வழக்கமான அளவோடு உண்ணாநோன்பு இருந்தால் சர்க்கரை 70க்குக் கீழ் இறங்கி மயங்கக்கூடும். டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை உண்போர் நீரும் பருகாதிருந்தால் இரத்தத்தில் அமிலம் மிகும் இடர் உண்டு. சிறுநீரகம் தளர்ந்தவர்க்கு நீரின்மையே இடர். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுப்பதற்கு எட்டு மணி நேர உண்ணாமை போதும். அதற்கு நீரை விலக்க வேண்டியதில்லை. நோன்பை முறித்த மறுநாள் கிடைக்கும் யூரியா, கிரியாட்டினின் அளவுகள் நீர்வற்றலால் உயர்ந்து தோன்றி, வீணான அச்சத்தைத் தரலாம்.

புறத்தவம் ஆறனுள் உண்ணாமை ஒன்றே ஒன்று. குறைத்துண்ணலும் தவமே, சுவை துறத்தலும் தவமே. தீர்த்தங்கரத் தன்மைக்கு வித்தாகச் சொல்லப்படும் பதினாறு பாவனைகளில் ஈகைக்கும் தவத்திற்கும் மட்டும் 'ஆற்றலுக்கு ஏற்ப' என்ற அடைமொழி சேர்ந்திருப்பது காரணமின்றி அமைந்ததன்று. அம்மையார் பால், தயிர்த் துறவைக் கைவிடவில்லை. மாத ஊசியை ஏற்றுக்கொண்டு அதனைத் தொடர்கிறார். உபவாசத்தை மட்டும், மருத்துவரிடம் கேட்டு, ஏகாசனமாக மாற்றிக்கொண்டார்.

அவர் தங்கையும் அதே ஆண்டில் அதே விரதத்தை ஏற்றவர். நீரிழிவும் இல்லை, கால் மரத்தலும் இல்லை. அக்காள் வற்புறுத்தியதால் பரிசோதித்துக்கொண்டார். அளவு 160 ஆக இருந்தது. நாள்தோறும் 1000 மைக்ரோகிராம் மாத்திரை ஒன்று அவர்க்குப் போதும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். பொழுது சாயுமுன் உண்ணும் உணவோடு அதனை உண்டு வருகிறார்.