சாரதிப் பரீட்சைக்குப் படித்தல்



உயர்தரப் பரீட்சை முடிந்த மறுவாரமே எங்கள் மாணவர் பலர் இன்னொரு பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கிவிடுகின்றனர். 18 வயது நிரம்பியதும் கார் செலுத்த அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என்னும் ஆவல் இன்று ஆண் பெண் இருபாலார்க்கும் பொதுவாயிற்று. நல்ல ஆவலே. ஆயினும், அப்பரீட்சைக்கு அவர்கள் ஆயத்தமாகும் முறைதான் எனக்குத் திருப்தி தருவதாயில்லை.

மருத்துவச் சான்றிதழ் பெற்றபின் எழுத்துப் பரீட்சை. அதில் தேறியோருக்குப் பயிலுநர் அனுமதிப்பத்திரம். ஈற்றில் செய்முறைப் பரீட்சை. எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். சரியான விடையைத் தெரிந்து அடையாளமிட்டாற் போதுமாதலின், பலர் பழைய வினாத்தாள்களைத் தேடிப் பிடித்து, விடைகளை வாய்ப்பாடு போல நெட்டுருப் பண்ணுகின்றனர். வீதிக் குறியீடுகளும் இவ்வாறே படம் படமாக மனனஞ் செய்யப்படுகின்றன. அவற்றுள் ஓர் ஒழுங்கு உண்டு. மஞ்சள் நிறச் சாய்சதுரம் எச்சரிக்கிறது. சிவப்பு வளையம் தடுக்கிறது. நீல வட்டம் பணிக்கிறது. இதை விளங்கிக்கொண்டவனுக்குப் பாதி வேலை முடிந்தது.

வேகத்தைப் பற்றிய பாடமும் அத்தகையதே. வீடுகள் நெருங்கிய பகுதிகளில் காரின் வேக எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர் என்று எல்லாரும் சரியாகவே விடை தருவர். அவ்வேகத்தில் கார் ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீற்றர் செல்கிறது. கண் கண்டதை மூளை உணர்ந்து, கால் பிரேக்கை மிதிப்பதற்குள் ஏறக்குறைய ஒரு விநாடி கழிந்துவிடும். எனவே, பிரேக் பிடிக்குமுன்னரே எங்கள் பாடசாலையின் நூறடிக் கட்டடத்தில் ஏறத்தாழப் பாதித் தூரம் போய்விடுகிறது! அதன் பின்னர்தான் வண்டியின் வேகம் குறையத் தொடங்குகிறது. வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். நனைந்த வீதியில் இன்னுங் கூடும். பௌதிகம் படித்த மாணவன் இயக்கசக்திப் பாடத்தில் இக்கணக்கைச் செய்தே இருப்பான். அதே கணக்குத்தான் வீதியிலும் நடக்கிறது என்பதை அவனுக்கு யார் சொன்னார்கள்?

எங்கள் பாடசாலை வாயில் பிரதான வீதியை நோக்கியது. பிற்பகல் 1.30க்கு மணி அடித்ததும் சிறு பிள்ளைகள் மஞ்சட் கடவையில் கால் வைக்கின்றனர். நிறுத்திவைத்த வண்டியொன்றின் மறைவிலிருந்து வரும் பிள்ளை சாரதியின் கண்ணுக்குத் தெரியாது; வரும் வண்டியின் வேகத்தை மதிக்கும் ஆற்றலும் அவ்வயதில் முதிர்ந்திராது. ஆகவே, கணக்குப் பார்க்கவேண்டியவன் சாரதி ஒருவனே. வெண்பலகையில் சிவந்த 'எல்' எழுத்தைத் தாங்கிய கார்கள் அவ்விடத்தை மெதுவாகக் கடப்பதைக் காண எனக்கு மகிழ்ச்சி. பலகையைக் கழற்றிய பின்னர் அதே இளைஞர் எவ்வாறு கடக்கின்றனர் என்பதையும் நான் கவனிப்பதுண்டு. அந்த மகிழ்ச்சி எப்போதும் கிட்டுவதில்லை.

செய்முறைப் பயிற்சியிலும் குறுக்குவழிகள் உள. பரீட்சை நடக்கும் வீதிகளிலேயே திரும்பத் திரும்ப ஓடிப் பழகுவது அவற்றுள் ஒன்று. யாழ்ப்பாணத்துச் சமதரையில் மாத்திரம் பழகியவர், கடுகண்ணாவை ஏற்றத்தில் பின்னால் ஒரு பஸ் நெருங்கி நிற்க, வண்டியை நிறுத்தி எடுக்க நேர்ந்தால் என் செய்வார்? கிளச்சை மெல்ல விட்டு, எஞ்சின் பாரத்தை ஏற்கும் ஒலியைக் கேட்டபின்னரே கைப்பிரேக்கைத் தளர்த்த வேண்டும். இறக்கத்திலோ தாழ்ந்த கியரில் இறங்கவேண்டும். ஓயாது மிதித்தால் பிரேக் சூடேறி வலுவிழக்கும். இவை வெறும் மைதானத்தில் வரும் பழக்கங்கள் அல்ல. மழை, சந்தைக் கூட்டம், இரவில் எதிர்வண்டியின் விளக்கு ஆகியவற்றையும் பயிற்றுநர் அருகிலிருக்கும்போதே பழகிக்கொள்ளுதல் நன்று.

பெற்றோரோ பயிற்சிப் பாடசாலைக்குப் போனதும், "எத்தனை நாளில் லைசன்ஸ் எடுத்துத் தருவீர்கள்?" என்றே கேட்கின்றனர். "இரவிலும் பழக்குவீர்களா? ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கப் பழக்குவீர்களா?" என்று கேட்டாற் கட்டணம் சற்றுக் கூடலாம். வரும் விடுமுறையில் மகனையோ மகளையோ அனுப்ப எண்ணியிருப்போர், பணங் கட்டுமுன் இவ்விரண்டையும் கேட்டுப் பார்க்கலாம்.