பிரயாணமும் ஊர்தியும்

புளியங்கூடலிலே, முழங்கால் நோவுடைய முதியவர் ஒருவர் கொழும்புக்குச் சென்று வைத்தியரைக் காண வேண்டும். வாடகைக் காரே நன்று என்கிறான் மகன். புகையிரதமே தகும் என்கிறாள் மகள். விமானத்தை விசாரிக்கலாம் என்கிறார் மருமகன். எவர் கூற்றுச் சரியானது?

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் 1905இல் வந்தது. யாழ்தேவி 1956இல் ஓடத் தொடங்கியது. ஆனால் 1990இல் நின்றுபோன சேவை, 2014 அக்டோபரிலேதான் யாழ்ப்பாணத்தை மீண்டும் அடைந்தது. இடையிலே, 2006இல் ஏ 9 வீதியும் மூடப்பட்டபோது, கப்பலும் விமானமுமே மக்களுக்குக் கதியாயின. அந்நாளில் இத்தகைய விவாதத்துக்கே இடமிருக்கவில்லை. இன்று தெரிவு உண்டு. ஆதலின் அதனைச் சிந்தித்துச் செய்தல் வேண்டும்.

விமானம் விரைவானது; ஆயினும் கட்டணம் மிகுதி. பலாலி சென்று சேர்வதும் தனிப் பிரயாணமே. வாடகைக் கார் வாசலிலே வந்து நிற்கும். ஆனால் இரவெல்லாம் விழித்தோட்டும் சாரதியின் களைப்பு, உள்ளே உறங்குவோர் அனைவருக்கும் ஆபத்து. புகையிரதத்திலோ முதியவர் எழுந்து நடக்கலாம், மலசலகூடமும் உண்டு. பண்ணைத் தாம்போதியைக் கடந்து நிலையத்தை அடைவதொன்றே சிரமம்.

எனவே, மகன் சொன்ன கார் யாழ்ப்பாண நிலையம் வரை செல்லட்டும். அப்பால் மகள் சொன்ன புகையிரதம் ஆகட்டும். அவசர சிகிச்சையாயின் மருமகன் சொல்லே மேலாகும். ஊர்தியைத் தெரியுமுன் பிரயாணியை நோக்குதலே அறிவுடைமை.