"அத்தா, நான் வந்துடுறேன்"

(அறக்கட்டளையின் கல்வி வழிகாட்டல் கூட்டத்தில் செயலாளர் பேசியது)

 

புனே பக்கம் கடக்வாஸ்லாவில் தேசிய பாதுகாப்பு அகாடமி இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு மூன்றாண்டு, ஆறு பருவப் பயிற்சி. 2022 முதல் பெண் பிள்ளைகளும் சேர்கிறார்கள். யு.பி.எஸ்.சி. தேர்வு, ஐந்து நாள் எஸ்.எஸ்.பி. தேர்வு, மருத்துவப் பரிசோதனை எல்லாம் தாண்டிப் போன பிள்ளையே முதல் பருவத்தில், "அத்தா, நான் வந்துடுறேன்" என்கிறான். ஏன்?

விடியுமுன் ஓட்டம், அணிவகுப்பு, நீச்சல்; அந்தக் களைப்போடு பட்டப்படிப்பு. அமராவதிநகர் சைனிக் பள்ளியில் படித்தவனுக்கு இது பாதி பழக்கம். நம் ஊர்ப் பள்ளியிலிருந்து நேரே போனவனுக்கு இந்தி, ஆங்கிலம் உட்பட எல்லாமே புதிது. வீட்டார் ஆசைக்காகப் போனவன் இன்னும் சீக்கிரம் தளர்கிறான்.

அப்படி போன் வந்தால் "ஊர் என்ன சொல்லும்?" என்று அதட்டாதீர்கள், "உடனே கிளம்பு" என்றும் சொல்லாதீர்கள். சொந்த விருப்பத்தில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட நேரிடும். சேரும்போதே பெற்றோர் பத்திரம் எழுதிக் கொடுக்கிறோம். ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் நம் வீடுகளுக்கு அது தாங்காது.

நிதானமாகக் கேளுங்கள். அலுப்பென்றால் ஒரு பருவம் பொறுக்கச் சொல்லுங்கள், உடம்பு பழகும். காயமென்றால் மறைக்காமல் மருத்துவரிடம் காட்டட்டும். சீனியர்கள் துன்புறுத்தினால் பொறுக்கச் சொல்லாதீர்கள். அதிகாரியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.

விண்ணப்பம் நிரப்ப நம் அலுவலகத்தில் உதவுகிறோம். அதற்கு முன், "உனக்கு விருப்பமா?" என்று பிள்ளையிடம் நீங்கள் கேட்டுவிட்டு வாருங்கள்.