புகழுக்கும் ஒரு தேதி உண்டு



களப்பயணத்தில் மாணவர்களுக்கு எதைக் காட்டுவது என்று நாம் நிறையத் திட்டமிடுகிறோம். காட்ட நினைத்தது அங்கே இல்லாவிட்டால் என்ன செய்வது? இன்று அதைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

ராஜஸ்தானின் பரத்பூரை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர்தான். 1985-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. அதன் புகழ்பெற்ற விருந்தாளி சைபீரியக் கொக்கு. 1960-களில் சுமார் 200 கொக்குகள் அங்கே குளிர்காலத்தைக் கழித்தன. 2002-க்குப் பிறகு அவை வருவதில்லை. ஆனாலும் பரத்பூர் என்றதும் சைபீரியக் கொக்கு என்று சொல்லும் வழக்கம் நின்றபாடில்லை. அப்படி மனப்பாடம் செய்த பிள்ளை அங்கே போனால், “எங்கே சார் அந்தக் கொக்கு?” என்றுதான் கேட்கும்.

“நமக்கு அதிர்ஷ்டம் இல்லை” என்று சமாளித்தால் பாடம் அங்கேயே முடிந்துவிடும். உண்மையைச் சொன்னால் அங்கேதான் தொடங்கும். அந்தக் கொக்குகள் சைபீரியாவிலிருந்து ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக வந்தவை. வழியில் வேட்டையாடப்பட்டன, இளைப்பாறும் நீர்நிலைகளும் சுருங்கின. பூங்காவைக் காத்தோம், பயணப் பாதையைக் காக்க முடியவில்லை.

பூங்காவுக்குள்ளும் ஒரு பாடம் இருக்கிறது. 1982-இல் அங்கே எருமைகள் மேயத் தடை வந்தது. பறவைகளுக்கு நல்லது என்றே நினைத்தார்கள். ஆனால் மேய்ச்சல் இல்லாமல் புல் மண்டி நீர்ப்பரப்பை அடைத்தது. மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நெடுநாள் ஆய்வு இதை எடுத்துக்காட்டியது. ஆற்றின் மேற்பகுதியில் பாஞ்சனா அணை எழுந்த பின் பூங்காவுக்கு வரும் நீரும் குறைந்தது. வேறு இடங்களிலிருந்து நீர் கொண்டுவர வேண்டியதாயிற்று.

பரத்பூர் வெறுமையாகிவிடவில்லை. நீர் நிறைந்த ஆண்டுகளில் மஞ்சள் மூக்கு நாரைகள் அங்கே கூடு கட்டுகின்றன. இல்லாததையே தேடும் கண்ணுக்கு இருப்பது தெரியாது.

நம் வேடந்தாங்கலும் அப்படித்தான். வடகிழக்குப் பருவமழை பொய்த்து ஏரி நிரம்பாத ஆண்டில் பறவைகள் குறைந்துவிடும். அந்த ஆண்டு அழைத்துச் செல்லும் மாணவர்கள் முகம் வாடுவார்கள். ஆகவே, புறப்படும் முன்பே வகுப்பில் மூன்று கேள்விகளை எழுப்புங்கள். இந்த இடம் எப்போது, எதனால் புகழ்பெற்றது? இதற்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இந்த ஆண்டு மழை எப்படி? திரும்பி வந்ததும், பார்த்தவற்றோடு, எதிர்பார்த்துக் காணாதவற்றையும் தேதியிட்டு எழுதச் சொல்லுங்கள். ஆண்டுதோறும் அந்தக் குறிப்பேடுகளைப் பள்ளியில் சேர்த்து வையுங்கள். பத்தாண்டு கழித்து வரும் மாணவர்களுக்கு அவை பாடநூல் சொல்லாததைச் சொல்லும்.

குழந்தையின் ஏமாற்றத்தை அவசரப்பட்டு ஆற்றிவிடாதீர்கள். “ஏன் வரவில்லை?” என்று அது கேட்கும்வரை காத்திருங்கள்.